கிரிட்டெண்டன் குடும்ப வரலாறு நிறைவுற உதவியோருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கும் ஆசான்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜான் ஜே. கிரிட்டெண்டனின் வாழ்வையும் குடும்பத்தையும் பற்றி நான் எழுதிவந்த தமிழ் நூல் அச்சுக்குச் சென்றுவிட்டது. 1787-இல் பிறந்து, நீதிமன்றத்தில் பெயரெடுத்து, மாநில ஆளுநராகவும் அமெரிக்கத் தலைமை அரசு வழக்கறிஞராகவும் பல ஆண்டுகள் செனட் என்னும் நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினராகவும் இருந்த இந்த மனிதரைத் தமிழில் யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்காமல் உதவினீர்கள். அதற்கே முதல் நன்றி.

இக்குடும்பத்தை இவ்வளவு நெருக்கமாக அறிய முடிந்ததற்கு, தந்தையின் கடிதங்களைத் திரட்டி 1871-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட மகள் ஆன் மேரி கோல்மன் முதற்காரணம். அச்சில் வராத கடிதங்களின் சிதைந்த கையெழுத்தை வரிவரியாகப் படித்துக்காட்டிய ஆவணக் காப்பகப் பணியாளர்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். அமெரிக்க வட, தென் மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, படைப்பதவியைத் துறக்க வேண்டாம், நாட்டின் கொடியை விட்டு நீங்க வேண்டாம் என்று மூத்த மகன் ஜார்ஜுக்குத் தந்தை எழுதினார். ஜார்ஜ் கேட்கவில்லை. அவர் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பில் தளபதியாகவும், தம்பி தாமஸ் நாட்டு அரசின் பக்கம் நின்ற ஒன்றியப் படையில் தளபதியாகவும் எதிரெதிரே நின்றனர். 1863 ஜூலையில் கென்டக்கியின் தலைநகரான பிராங்பர்ட்டில் தந்தை இறந்தபோதும் போர் முடிந்திருக்கவில்லை.

தென் மாநிலங்கள் பிரிந்துபோவதைத் தடுக்க 1860 டிசம்பரில் கிரிட்டெண்டன் செனட்டில் முன்வைத்த சமரசத் திட்டத்தின் சட்ட நுணுக்கங்களை விளக்கிய வழக்கறிஞர் நண்பருக்கு நன்றி. 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்குத் தெற்கிலுள்ள, இன்னும் மாநிலமாகாத ஆட்சிப்புலங்களில் அடிமைமுறைக்குப் பாதுகாப்பு, வடக்கில் தடை என்பதோடு நில்லாமல், இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் எந்த அரசியலமைப்புத் திருத்தத்தாலும் மாற்ற இயலாதவாறு பூட்டவும் அத்திட்டம் முயன்றது என்பதை அவர் சொல்லித்தான் முழுமையாக உணர்ந்தேன். 1861 மார்ச்சில் ஒரே வாக்கு வேறுபாட்டில் செனட் அதைத் தோற்கடித்தது. நாட்டைக் காக்க முதியவர் எடுத்த இறுதி முயற்சி என்று பலரும் அதைப் போற்றுவதுண்டு. யாருடைய விடுதலையை விலையாக வைத்துச் செய்துகொள்ளும் சமரசம் அது என்ற கேள்வியின்றி அந்தப் போற்றுதலை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியவர், கைப்படியைப் படித்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை அம்மையார். கிரிட்டெண்டனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு இசைவானதே என்று குடியரசுத் தலைவர் ஃபில்மோருக்குக் கருத்துரை அளித்தவரும் அவரே. அக்காலக் குடிக்கணக்கின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர்க்கீழ் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமும் மட்டுமே காணப்படும். அவற்றைப் படிக்கும் முறையை அந்த அம்மையார் கற்றுத்தந்ததால்தான் அவ்வீட்டில் உழைத்தவர்களுக்கென நூலில் தனி இயல் அமைந்தது. இந்த நூலில் எனக்கு மிகவும் நிறைவளித்த இயலும் அதுவே.

கியூபா மீதான சட்டவிரோதப் படையெடுப்பில் பிடிபட்டு 1851-இல் ஹவானாவில் சுட்டுக்கொல்லப்பட்ட, கிரிட்டெண்டனின் சகோதரர் மகன் வில்லியம், 1876-இல் அமெரிக்கப் படைக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் மாண்ட பெயரன் ஜான் ஆகியோரைப் பற்றிய பின்னிணைப்புகளைச் சரிபார்த்த இளைஞர்களுக்கும், பிராங்பர்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரது நினைவுத்தூணைக் காட்டிய காவலருக்கும், மூன்று திருமணங்களால் சிக்கலான குடும்பக் கொடிவழியை வரைந்த தோழிக்கும், மெய்ப்பு நோக்கியபோது என் நெடுந்தொடர்களைத் தயவின்றி வெட்டிய தமிழாசிரியருக்கும் (இம்மடல் அவர் கைக்குச் செல்லவில்லை என்பது படிப்போருக்குத் தெரிந்திருக்கும்) என் நன்றி.

நூல் அச்சாகி வந்ததும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி அஞ்சலில் வரும். முகவரி மாறியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்