முன்பணம் கொடுத்துவிடாதே

சேகர்,

பதில் போடாததற்கு வழக்கமாகத் திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மூர்த்தி இன்னும் அதே மூர்த்திதான். என் பேரைச் சொல்லிக் கடன் கேட்டால் கொடுக்காதே.

நீ வாங்கப்போகிற பாய்மரப் படகின் அளவுகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே உறுத்தல். நல்ல அகலம், எடை குறைவு, கார்பன் பாய்மரம், சீறிப் பாயும் வேகம்... ராதாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கடலில் கிடக்கப்போகிறவன், ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதினாயா?

டெட் புரூவர் என்ற படகு வடிவமைப்பாளர் பாதி வேடிக்கையாக ஒரு கணக்கு போட்டுவைத்தார். படகின் எடையை, நீளத்தையும் அகலத்தையும் வைத்துப் போடும் ஒரு எண்ணால் வகுக்க வேண்டும். விடை பெரிதானால் ஆட்டம் நிதானம். உன் 34 அடிப் படகுக்கு, நீர்மட்ட நீளம் (தண்ணீர் தொடும் இடத்தில் உள்ள நீளம்) 30, அகலம் 11.5, எடை 11,000 பவுண்டு என்று போட்டால் 21தான் வருகிறது. அதே 34 அடியில் நீர்மட்ட நீளம் 26, அகலம் 10, எடை 15,000 பவுண்டு உள்ள பழைய பாணிப் படகுக்கு 38 கிட்ட வரும். இந்தக் கணக்குக்கு அடிப்பாகத்தின் வடிவம் தெரியாது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

'லேசில் சாயாது' என்று குதிக்கிறாயே, அங்கேதான் வினை. அகன்ற படகு அலையின் சரிவோடு சரிவாகவே நிற்கப் பார்க்கும். சாயவிடாமல் பிடிக்கும் அதே விசைதான், அடுத்த அலை வந்ததும் வெடுக்கென்று மறுபுறம் இழுக்கும். பாய்மரம் ஒடிந்த படகு முன்னைவிட மோசமாக ஆடும், தெரியுமா? உயரத்தில் இருக்கும் எடைதான் ஆட்டத்தை மெதுவாக்குகிறது. நீ காசு கொடுத்து அந்த எடையைக் குறைக்கிறாய்!

கனமான படகில் குமட்டாது என்று சொல்ல மாட்டேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாகத் தூக்கிப்போடும் அசைவுதான் வயிற்றை அதிகம் புரட்டும். அது எந்தப் படகிலும் வரலாம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனையே கடல் விட்டுவைக்கவில்லை, நீ எம்மாத்திரம்?

வாந்தியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, சேகர். வெடுக்கு வெடுக்கென்று ஆடும் படகில் படுத்திருந்தாலும் உடம்பு எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு ராத்திரி தூங்காதவன் சுக்கானில் நின்றால் விளக்கைத் தப்பாகப் பார்ப்பான், பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில் 'அப்புறம்' என்பான். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரே ஒரு உலுக்கலில் அவர் தலை மேஜை விளிம்பில் மோதினால், நடுக்கடலில் என்ன செய்வாய்?

துறையில் கட்டியிருக்கும்போது பார்த்து மயங்காதே. அலை பக்கவாட்டில் வரும் நாளாகப் பார்த்துப் போ. பாயை இறக்கு, காற்று நிறைந்த பாய் ஆட்டத்தை அமுக்கி உன்னை ஏமாற்றிவிடும். முன் அறையில் ஒரு மணி நேரம் படு, தூக்கல் அங்கேதான் அதிகம். பிறகு நடுவில் வந்து டீ போட்டுப் பார். ராதாவையும் கூட்டிப்போ.

அவள் சரி என்றால் வாங்கு, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அதை அவள் கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல். உன்னை நம்ப முடியாது.

அன்புடன்,
பாலு