காயில்காரன் புத்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடுதாசி போன வாரமே வந்துவிட்டது. பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஒரு புல்வெட்டும் வண்டி. சிரிக்காதே, முழுக்கப் படி.

ஆனைமலைப் பக்கம் இந்தத் தடவை சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தோப்பில் புல் முழங்கால் உயரம். ஆளுக்குச் சொல்லிவிட்டால் ‘வர்றோமுங்க’ என்கிறார்கள், வருவதுதான் இல்லை. மச்சினன் மகன் தோட்டத்துச் சாளை வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறான் அல்லவா, அவன்தான் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்றைப் பழசாக வாங்கிவந்தான். பார்த்தால் குட்டி டிராக்டர்.

முதல் நாள் நான்தான் ஏறினேன். 20 நிமிடம் ஜம்மென்று ஓடியது. அப்புறம் இரண்டு இருமல், நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. மறுபடி 20 நிமிடம்தான். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு, ஆள் எழுந்தால் வண்டியை நிறுத்திவிடும். அதுவாக இருக்குமோ என்றான் பையன். அதுவானால் உடனே நின்று உடனே கிளம்பும், இப்படி அரை மணி நேரம் காக்க வைக்காது என்றேன். அதுவரைக்கும் நான் சொன்னது சரிதான்.

30 வருடம் பீளமேட்டுப் பட்டறையில் மோட்டார் காயில் கட்டியவன் அடுத்து என்ன சொல்வான்? ‘பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் போச்சு’ என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும், நாம் பார்க்காததா? மீட்டர் வைத்தேன். நல்லதாகத்தான் காட்டியது. ‘ஆறின காயில் அப்படித்தான் காட்டும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கோயமுத்தூர் போய்ப் புதுக் காயில் வாங்கிவந்தேன். ஃபிளைவீல் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்து, வெகு பாந்தமாக மாட்டினேன். கவரைக் கழற்றின கையோடு எஞ்சின் சூட்டை ஆற்றுகிற பட்டைகளுக்குள் அடைந்திருந்த புல்லையும் தோண்டி எடுத்தேன், ஒரு முறம் இருக்கும்.

20 நிமிடம். நின்றது.

பையன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நின்ற சூட்டோடு பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் அண்டைகொடுத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். (பெட்ரோல் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான். பொறி பறக்கிற வேலை.) பளிச்சென்று நீலப் பொறி! கரண்டு இருக்கிறது, அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை. பிளக்கை மாட்டிவிட்டு டேங்க் மூடியை மெல்லத் திருகினேன். ‘உஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது பார், இளநீரை உறிஞ்சுகிற சத்தம். எஞ்சின் இன்னும் தொட முடியாத சூடு, ஆனாலும் நாலு சுற்றில் பிடித்துக்கொண்டது.

மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் ஊற்ற முடியாதே, அந்தக் கதைதான். புல்தூசும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாகித் துவாரத்தை அடைத்திருந்தது. டேங்குக்குள் வெற்றிடம் ஏற ஏற பெட்ரோல் நின்றுபோகிறது. அரை மணி நேரத்தில் எங்கேயாவது கசிந்து காற்று புகுந்துவிடும், மறுபடி ஓடும். காயில் சூடேறி ஆறுகிற அதே கணக்கு! எப்படி ஏமாந்தேன் பார்.

துணி தைக்கிற ஊசியால் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன். ஃபில்டரையும் குழாயையும் மாற்றிவிட்டேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகாது. குழாய் தொட்டாலே பிசுபிசுத்தது. நேற்று தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிற்காமல் ஓட்டினேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காதே, டாக்டரிடம் காட்டு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒட்டுக்கா வா, ரூம் காலியாகத்தான் கிடக்கிறது.

பழைய காயில் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அது நல்ல காயில் என்று பையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வந்த இடத்தில் நீயும் உளறிவிடாதே.

அன்புடன்,
உன் பட்டறைக் கூட்டாளி