நினைவில்லாதவர் மறுத்தது எப்படி?

ஆசிரியருக்கு,

2007-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரலாக (அரசின் சட்டத்துறைத் தலைவராக) இருந்த ஆல்பர்டோ கோன்சாலஸ், அரசு வழக்கறிஞர்களை நீக்கிய விவகாரத்தில் பொய் சொல்லவில்லை, மறந்துதான் போனார் என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். மறதிக்கும் ஓர் அளவு வேண்டாமா?

2006 டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் ஏழு மத்திய அரசு வழக்கறிஞர்களிடம் அவருடைய துறையினர் பதவி விலகச் சொன்னார்கள். அதிபர் நியமித்தவர்களை நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. பிறகு சொன்ன விளக்கங்கள்தான் உறுத்துகின்றன. முதலில், வேலைத்திறன் போதவில்லை என்றார்கள். 2007 மார்ச் 13 அன்று கோன்சாலஸ், தாம் எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை, எந்த ஆலோசனையிலும் பங்கேற்கவில்லை என்று நிருபர்களிடம் அறிவித்தார். பத்தே நாளில் அவருடைய துறையின் ஆவணங்களே வெளிவந்தன. முந்தைய நவம்பர் 27 அன்று இந்த நீக்கங்களுக்காகவே நடந்த கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்! அவரிடம் தலைமை அலுவலராக இருந்த கைல் சாம்ப்சனும் அந்த மறுப்பு சரியல்ல என்று செனட் குழுவில் சத்தியம் செய்து சொன்னார்.

ஏப்ரல் 19 அன்று அதே குழு முன் வந்த கோன்சாலஸ், 'நினைவில்லை' என்று அறுபது முறைக்கு மேல் சொன்னார். (எண்ணியவர்களின் பொறுமையைப் பாராட்டலாம்.) கூட்டமே நினைவில் இல்லாதவர், மார்ச் மாதம் எதை நம்பி அப்படி அடித்துச் சொன்னார்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்