கையெழுத்துப் போடாமல் அனுப்புங்கள்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம், கலெக்டர் ஆபீஸ் பக்கம் தொடங்கி காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வரை டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

கையெழுத்துக்கும் நகலுக்கும் சான்று தரும் நோட்டரியின் மேசைக்கு வரும் காகிதங்களில் பெரும்பாலானவை உங்கள் கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன. திரும்பிப் போகிறவையும் அங்கிருந்து வந்தவைதான். பஸ் ஏறி வந்தவரை மறுபடி உங்களிடமே அனுப்ப, நோட்டரி அலுவலகக் குமாஸ்தாக்களான எங்களுக்கும் மனசு வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் கையெழுத்து. பிரிண்ட் கையில் வந்ததும் "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டிவிடுகிறீர்கள். நோட்டரி தரும் சான்றே "இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், உறுதிமொழி எடுத்தார்" என்பதுதான். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அவர் சான்று தருவதில்லை. பார்க்காத கையெழுத்துக்கு அவர் என்ன சொல்ல முடியும்? மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான். போதாததற்கு, 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி வைக்கும் பதிவேட்டிலும் சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட வேண்டும். ஆகவே அப்பாவுக்குப் பதில் மகனை அனுப்புவது, வெளியூரிலிருந்து கூரியரில் வந்த கையெழுத்தைக் கொண்டுவருவது இரண்டும் நடக்காது. ஆள் நேரில் வரட்டும். அசல் அடையாள அட்டையும் உடன் வரட்டும். செல்போனில் இருக்கும் போட்டோ போதாது.

கைநாட்டு வைப்பவர் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகைக்கு இரண்டு அங்குலம் இடம் விட்டு, "படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்" என்ற வரியையும், அவரை அடையாளம் காட்டும் சாட்சிக்கு ஓர் இடத்தையும் சேர்த்துவிடுங்கள். பேரணாம்பட்டுப் பக்கம் உருதுவும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கும் பேசுகிறவர்களுக்கு ஆங்கில மாதிரியை அப்படியே அடித்துத் தந்தால், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. எந்த மொழியில் விளக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது பெயர். இனிஷியல்தான் நம் ஊர்த் தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் கார்டில் அதுவே முன்பின்னாக. "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரம் அடிக்கும்போது உங்கள் விருப்பப்படி எழுத்துக்கூட்டாதீர்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட, ஆவண எண்ணோடும் தேதியோடும் எழுத வேண்டும். ஆதாருக்கு மட்டும் கடைசி நான்கு இலக்கம் போதும்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாலாஜாவில் ஒரே வீட்டின் மூன்று தலைமுறைக் காகிதத்தில் மூன்று மாவட்டம் இருக்கும். பழைய பெயரைத் திருத்தி அடிப்பதுதான் பெரிய தவறு. "முன்பு வட ஆற்காடு, பின்பு வேலூர், தற்போது ராணிப்பேட்டை மாவட்டம்" என்று மூன்றையும் எழுதிவிட்டால் எந்த ஆபீஸிலும் கேள்வி வராது.

முத்திரைத்தாள் விஷயத்தில் இன்னும் சிலர் 20 ரூபாய்த் தாளையே நீட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2024 மே முதல் பிரமாணப் பத்திரத்துக்கு 200 ரூபாய். நேரடியாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கும், பென்ஷன் வாங்குவதற்கும் எழுதுபவற்றுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. பென்ஷனுக்கு எழுத வரும் கிழவியிடம் 200 ரூபாய்த் தாள் விற்க வேண்டாம். ஆறு மாதம் ஆன தாள் செல்லாது என்பதும் தவறு. பயன்படுத்தாத தாளுக்குப் பணம் திரும்பக் கேட்கத்தான் அந்தக் கெடு; இதை உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் பத்திரத்தில் போட்ட தேதிக்குப் பிறகு வாங்கிய தாள் என்றால் அது சந்தேகத்துக்கு இடம்தான். தாள் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். எழுதிக்கொடுப்பவர் பெயரில் இருக்க வேண்டுமே தவிர, கடைக்காரர் பெயரில் அல்ல.

அச்சில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒயிட்னர் கூடாது, பிழையை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். ஒவ்வொரு பக்கத்திலும் எண். கடைசிப் பக்கத்தில் வெறும் கையெழுத்து இடம் மட்டும் தனியாக நிற்கக் கூடாது. அப்படி விட்டால் முன் பக்கங்களை மாற்றிக் கோத்துவிடலாம். அதனால் இரண்டு வரியாவது அங்கே தள்ளுங்கள். நோட்டரி முத்திரை 5 சென்டிமீட்டர் வட்டம், அதோடு நோட்டரி ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். அடியில் அதற்கு இடம் வேண்டும். நகல் சான்றுக்கு அசலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸை எதோடு ஒப்பிடுவது?

இதைவிட முக்கியமானது ஒன்று: நோட்டரியால் ஆகாத வேலைக்கு ஆளை அனுப்பாதீர்கள். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வீடு, மனை விற்பனையைப் பதிவுதான் செய்ய வேண்டும். நோட்டரி முத்திரையால் உரிமை மாறாது. 11 மாத வாடகை ஒப்பந்தமும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். கல்யாணத்தையும் விவாகரத்தையும் நோட்டரி பத்திரத்தில் எழுதக் கூடாது என்று மத்தியச் சட்டத் துறை 2024-ல் மறுபடி சொல்லியிருக்கிறது. நிலம் விற்பதற்கான பவர் பத்திரத்தை (தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தருவதை) உள்ளூரில் இருப்பவர் சார்பதிவாளர் முன்புதான் எழுதிக்கொடுக்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

கட்டணத்தை நோட்டரி அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. "நோட்டரிக்கும் சேர்த்து இவ்வளவு" என்று உங்கள் கடையில் மொத்தமாக வாங்க வேண்டாம். பலகை இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்கச் சொல்லுங்கள்; எங்கள் அலுவலகமாக இருந்தாலும் கேட்கட்டும்.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டரில் 'பாஸ்போர்ட் அஃபிடவிட்' என்று ஒரு பழைய ஃபைல் இருக்கும். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் இணைப்புப் படிவங்களை வெள்ளைத் தாளில் தானே எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. அந்த ஃபைலை இன்றே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேலூர் வட்டார நோட்டரி அலுவலகக் குமாஸ்தாக்கள்