ஐகிடோ பழகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக்கலை வகுப்பில் சேர்ந்து இத்தனை வாரமாகியும் விழுவதையும் உருளுவதையும் தவிர வேறொன்றும் சொல்லித்தரவில்லை என்று குறைப்பட்டு எழுதியிருந்தாய். படித்ததும் உன் ஆசிரியர்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. முதல் நாளே மணிக்கட்டை முறுக்கக் கற்றுத்தருபவரிடம்தான் நீ பயப்பட வேண்டும்.

விழும்போது உள்ளங்கையை ஊன்றத்தான் எவருக்கும் கை நீளும். எலும்பு முறிவது அதனால்தான். மணிக்கட்டு தப்பினால் காறையெலும்பு. அடிபடாமல் விழும் முறையான உகேமியில் முன்னோக்கி உருளும்போது சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு முதலில் பாயைத் தொட வேண்டும். அங்கிருந்து முழங்கை, தோள், முதுகின் குறுக்கே எதிர்ப்புற இடுப்பு என்று உடம்பு சக்கரமாகச் சுழன்று வர வேண்டும். தலை பாயில் படவே கூடாது. பின்னால் விழுகையில் மோவாய் மார்போடு ஒட்டியிருக்கட்டும். சப்போரோவில் உன்னைத் தாக்க வருபவனைவிட, பனி உறைந்த நடைபாதைதான் உனக்கு அடிக்கடி எதிரியாக வரும்!

அடுத்து இரிமி, தென்கான் என்ற இரண்டு நகர்வுகளும் வரும். கையை ஒருவன் பிடித்தால் இழுக்கத் தோன்றும். இழுத்தால் பலத்தோடு பலம் மோதும். எடை கூடியவன் ஜெயிப்பான். பிடிபட்ட கையை அவனிடமே விட்டுவிட்டு, முன்காலை ஊன்றி அரைவட்டம் திரும்பிப் பார். அவன் பார்க்கும் திசையையே நீயும் பார்த்தபடி அவன் தோளருகே நிற்பாய். பிடியை விடாதவன் சாய்ந்துதான் வர வேண்டும். இது தென்கான். இரிமி இன்னும் கடினம், ஏனென்றால் அதற்குத் துணிவு வேண்டும். ஓங்கி அடிக்க வருபவனிடமிருந்து பின்வாங்கினால் அடுத்த அடிக்கும் அகப்படுவாய். அடியின் பாதையிலிருந்து விலகி, குறுக்காக முன்னேறி, அவனுடைய பக்கவாட்டில் போய் நின்றுகொள்ள வேண்டும். எதிராளியின் நிலை குலைந்த பிறகுதான் மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்தும் கோத்தேகாஎஷி போன்ற பிடிகளுக்கு வேலை. நிலை குலையாமல் மணிக்கட்டைத் திருப்பினால் அது வெறும் மல்லுக்கட்டு.

நீ இருக்கும் சப்போரோ அமைந்த ஹொக்கைடோ தீவுக்கும் இந்தக் கலைக்கும் பழைய உறவு உண்டு. ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உஎஷிபா அங்கே குடியேறி வாழ்ந்தபோதுதான், 1915இல் எங்காரு என்ற ஊரில் தகேதா சோகாகு என்ற ஆசிரியரைச் சந்தித்து, தைதோ-ரியூ ஜுஜுத்சு என்ற தற்காப்புக்கலையைப் பயின்றார். அதிலிருந்து அவர் வளர்த்தெடுத்த கலைக்கு ஐகிடோ என்ற பெயர் 1942 வாக்கில்தான் நிலைத்தது. அவர் வழிவந்த ஐகிகாய் அமைப்பில் போட்டிகள் கிடையாது.

‘எதிராளி ஒத்துழைத்து விழுகிறார், இதெல்லாம் நாடகம்’ என்று உன் தோழி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மரியாதைக்காக விழுபவரோடு பழகினால் ஒன்றும் தேறாது. ‘உறுதியாகப் பிடியுங்கள்’ என்று நீயே கேள். ஆனால் நிக்யோ பிடியில் மணிக்கட்டு சுண்டி இழுத்தால் வீம்பு வேண்டாம். உடனே பாயைத் தட்டிவிடு. தட்டியும் விடாதவர் கறுப்புப் பட்டையில் எத்தனை ‘தான்’ (dan) தரநிலை பெற்றவராக இருந்தாலும் அவரோடு ஜோடி சேராதே.

தெருவில் நிஜமாகவே ஆபத்து வந்தால் இவற்றில் எதையும் செய்துகாட்ட நிற்காதே. கையை விடுவித்துக்கொண்டு ஓடு.

பலருக்கு ஒரு பக்கம் உருளுவது எளிதாகவும் மறுபக்கம் முரண்டாகவும் இருக்கும். உனக்கு எது முரண்டு என்று அடுத்த முறை எழுது. அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பழக வேண்டும். முழங்காலால் நடக்கும் பயிற்சிக்கு உறை வாங்கிக்கொள், பணம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா