தொழிற்புரட்சிப் பாடத்தைத் திருத்தி எழுதுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான், தொழிற்புரட்சிப் பாடம் அடுத்து திருத்தப்படும்போது கருத்தில் கொள்ளுமாறு சிலவற்றை உங்கள்முன் வைக்கிறேன். ஹார்கிரீவ்ஸ், ஸ்பின்னிங் ஜென்னி. ஆர்க்ரைட், வாட்டர் ஃபிரேம். வாட், நீராவி இயந்திரம் என்று ‘பொருத்துக’ வினாவுக்கு உரிய பட்டியலாகவே இப்பாடம் மாணவர் மனத்தில் தங்குகிறது. இந்த இயந்திரங்கள் பிரிட்டனில் ஏன் தோன்றின, அவற்றின்முன் நின்று உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்விகள் தேர்வுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனில் கூலி ஒப்பளவில் அதிகம், நிலக்கரி மலிவு. ஆகவே ஆள் உழைப்பைக் குறைக்கும் இயந்திரத்தில் பணம் போடுவது அங்கே லாபம் தந்தது. நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டதால், கிராமத்து ஏழைகள் பலர் கூலியை மட்டுமே நம்பும் நிலைக்கு வந்தனர். இவற்றோடு நம் மாணவர் அறிந்தே ஆகவேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. சோழமண்டலக் கரை, குஜராத், வங்காளம் ஆகிய பகுதிகளின் பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் இருந்த மோகத்தைக் கண்டு கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதி 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தடுக்கப்பட்டன. 1771-இல் குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் தொடங்கிய நூற்பாலை, இந்தியத் துணிக்கு ஈடான துணியை அங்கேயே உற்பத்தி செய்துவிட வேண்டும் என்ற நீண்ட முயற்சியின் தொடர்ச்சியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய ஆலைகளுக்குச் சென்ற பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும்.

விளைவுகளைப் பொறுத்தவரை, ‘நகரங்கள் வளர்ந்தன’ என்ற ஒரு வரி போதவே போதாது. 1801-இல் சுமார் 75,000 பேர் வாழ்ந்த மான்செஸ்டரில் 1851-இல் மூன்று லட்சம் பேர் இருந்தனர். கழிவுநீர் வசதியோ நல்ல குடிநீரோ அந்த வேகத்தில் வரவில்லை. பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது 38. மான்செஸ்டரின் வசதி படைத்தோர்க்கும் 38-தான்; நகரத்துச் செல்வரும் கிராமத்துக் கூலிக்காரரைவிட நீண்டு வாழவில்லை. பிஞ்சுக் குழந்தைகளின் சாவுகளே 17 என்ற எண்ணை அவ்வளவு கீழே இழுத்தன என்று விளக்கும்போது வகுப்பறையே அமைதியாகிவிடும். கண்டுபிடிப்புகளின் பட்டியல் எதுவும் தராத புரிதலை இந்தச் சிறிய அட்டவணை தருகிறது.

ஆலை இயந்திரங்களை உடைத்துக் கிளர்ச்சி செய்த ஆங்கிலேயத் தொழிலாளர்களான லட்டைட்டுகளை, இயந்திரத்தை வெறுத்த அறியாதவர்கள் என்று எழுதுவதையும் தயவுசெய்து கைவிடுங்கள். அவர்களில் பலர் கைதேர்ந்த பின்னலாடைத் தொழிலாளர்கள், கம்பளித் துணியைக் கத்தரித்துச் சீராக்குபவர்கள். கூலிக் குறைப்பும், பயிற்சி பெறாதவர்களைக் கொண்டு மட்டமான சரக்கு செய்வதுமே அவர்களுடைய குறை. 1799, 1800-ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர் சங்கம் சேர்வதையே குற்றமாக்கியிருந்த நிலையில் அவர்கள் சம்மட்டியை எடுத்தார்கள். 1812-இல் பின்னல் இயந்திரங்களை உடைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1813 ஜனவரியில், அக்கிளர்ச்சி தொடர்பான வழக்குகளில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

ஆலைத் தொழிலாளர்களுக்கான சீர்திருத்தச் சட்டங்களும் ஆட்சியாளரின் கருணையாக மட்டும் எழுதப்படக் கூடாது. 1802, 1819-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊதியம் பெறும் ஆய்வாளர் இல்லாமல் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான், பட்டாலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, நாடு முழுமைக்கும் நான்கே நான்கு ஆய்வாளர்களையேனும் நியமித்தது. அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டி, மனுக்கொடுத்து, வேலைநேரக் குறைப்புக் குழுக்கள் அமைத்துப் போராடிய தொழிலாளர்களுக்குப் பாடத்தில் இடம் வேண்டும். என் மாணவர் பலரின் பெற்றோர் நூற்பாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். வேலைநேரத்துக்கு வரம்பு எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பாடநூல் விடை தர வேண்டும்.

எனவே, சாட்விக்கின் எண்களையும் 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையும் மூலச் சான்றுகளாக அடுத்த பதிப்பில் சேர்க்கவும், அவற்றைப் படித்துக் காரணம் கூறும் வினா ஒன்றையேனும் பாடப் பயிற்சியில் வைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் போதாதெனில் கண்டுபிடிப்பாளர் அட்டவணையைப் பாதியாகக் குறைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்