அலாஸ்கா நெடுஞ்சாலையில் டயர் மாற்றிக் கொடுத்த அண்ணனுக்கு

சென்னைக்கு வந்து சேர்ந்தாச்சு, முதல் வேலையாக இந்த நன்றி. கனடாவின் யூகான் பகுதியில், குளுவானி ஏரியைத் தாண்டி பீவர் கிரீக் போகும் வழியில் எங்கள் மோட்டார் ஹோமின் (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) பின் டயர் வெடித்தபோது, அந்தக் காட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான், போனில் சிக்னலும் கிடையாது. அந்தப் பக்கம் சாலைக்கு அடியில் வருஷக் கணக்கில் உறைந்து கிடக்கும் மண் இளகி இளகி ரோடே அலை அலையாக மேடு பள்ளமாகக் கிடக்கிறது. 1942இல் போட்ட சாலை, இன்றைக்கும் கோடையானால் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தீர்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் "பயப்படாதேங்கோ தங்கச்சி" என்றீர்களே, எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், போனது உள் டயர், அதனால் வெளியே இருப்பதையும் கழற்ற வேண்டும். கொசு மொய்க்க மொய்க்க, வீல் பதியும் இடத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்த பிறகுதான் ஸ்டெப்னியை மாட்டினீர்கள். 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னீர்கள். இறுக்கினோம், ஒன்றிரண்டு நிஜமாகவே இளகியிருந்தது.

பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அப்புறம் எல்லை தாண்டி அலாஸ்காவில் இருக்கும் டெல்டா ஜங்ஷன் ஊர் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம் அண்ணா, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். சென்னைப் பக்கம் வந்தால் மடிப்பாக்கத்தில் நம் வீடு இருக்கிறது, சாப்பிடாமல் போகக் கூடாது.